நாற்பது மிதி

ருஷ்தா ஐந்து வருடமாக சைக்கிள் ஓட்டினாள், ஆனால் ஒரு நாள்கூடத் தெருவில் ஓட்டியதில்லை என்று சொன்னால் எங்கள் ஆறுமுகநேரியில் யாரும் நம்பமாட்டார்கள். பக்கத்தில் இருக்கிற காயல்பட்டினத்தில் நம்புவார்கள். அங்கே பெண்களுக்குத் தெருவைத் தவிர வேறு வழி இருக்கிறது.

அதற்கு முடுக்கு என்று பெயர். வீட்டின் முன்வாசல் தெருவைப் பார்த்திருக்கும், பின்வாசல் முடுக்கைப் பார்த்திருக்கும். எதிரெதிரே வருகிற இரண்டு பேர் தோள் உரசாமல் போக முடியாத அகலம். சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது, பெண்கள் கூடித் தொழுகிற தைக்காவுக்கு ஓதப் போவது, கல்யாண வீட்டுக்குச் சாப்பாட்டுத் தட்டு கொண்டுபோவது எல்லாம் முடுக்கு வழியாகத்தான். ஆண்கள் அதில் கால் வைப்பதில்லை. ஏணி தூக்கி வருகிற எலக்ட்ரீஷியனைப் போல வந்தே தீர வேண்டியவன் வந்தால், முடுக்கின் வாயில் நின்று சத்தம் கொடுப்பான். உள்ளே இருப்பவள் "நில்லுங்க" என்றால் நிற்பான். அவள் கடந்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனாலும் ஏணியோடு நிற்பான்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. என் பெயர் அனுசியா. காயல்பட்டினத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய ரத்தத்துக்காகக் காலை ஆறரை மணியிலிருந்து வீடு வீடாகப் போவேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள் ஒரு முடுக்கின் முனையில் திரும்பப்போகிறேன், அந்தப் பக்கமிருந்து "நில்லுங்க!" என்று ஒரு குரல். வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று நான் பாட்டுக்குத் திரும்பினேன். ஒரு சைக்கிளின் முன்சக்கரம் என் ரத்தப் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது.

"காது கேக்காதா ஒனக்கு? நில்லுன்னா நிக்க மாட்டியா?"

அவள்தான் ருஷ்தா. அப்போது நாற்பத்தொரு வயது. தலையில் முக்காடு, பேண்ட்டின் கணுக்காலில் துணி காயப்போடும் கிளிப் இரண்டு, முகத்தில் கோபம். தப்பு என் மேல்தான் என்று ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. அதற்குள் அவளுக்கே ரத்தம் எடுக்கப் போக வேண்டி வந்துவிட்டது. ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவ்வளவு சத்தம் போடுகிறவளுக்கு ஊசி பயம் என்று தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

அந்த சைக்கிள் அவள் மகள் அனிஷாவுடையது. மகள் படிக்க சென்னைக்குப் போன பிறகு பின்வாசலில் சும்மா கிடந்தது. சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, நடப்பது தனக்குச் சலிப்பு என்று ருஷ்தா சைக்கிளை எடுத்தாள். அவள் வீட்டு முடுக்கை ஒரு சுற்று சுற்றி வந்தால் நானூறு மீட்டர். அதில் பதின்மூன்று திருப்பம், இரண்டு சாக்கடைப் பலகை, ஒரு வேப்ப மரம். தினமும் பன்னிரண்டு சுற்று. பாதி நாள் சுவரில் முட்டி முழங்கை தோல் உரிந்திருக்கும். இரண்டு வருடத்தில் முட்டுவது நின்றது. நான் போய்ச் சேர்ந்த சமயத்தில் எதிரே ஒருத்தி இடுப்பில் குடத்தோடு வந்தால்கூட, கால் ஊன்றாமல், சுவரோடு சுவராக ஒட்டி அவளைத் தாண்டிப் போவாள். அவளுடைய மூன்று மாதச் சர்க்கரை எண் ஒன்பதிலிருந்து ஆறரைக்கு இறங்கிய ரிப்போர்ட்டை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலாக மடித்து வைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் சாகுபுரத்துக்கு மேற்கே தேரிக்காட்டில் மலை சைக்கிள் தடம் போட்டார்கள். மலை எங்கே இருக்கிறது என்று கேட்கக்கூடாது. தேரி என்றால் செம்மணல் மேடு. காற்று கூட்டிவைத்த மேடுகள், சில இடத்தில் மூன்று மாடி உயரம் இருக்கும். பனையும் முந்திரியும் உடைமரமும் நிற்கிற தனியார் தோப்புகள் நாலைந்தை ஒன்றாக வளைத்து, மணலின் மேல் சரளும் களியும் போட்டு இடித்து, சைக்கிள் ஒன்று மட்டும் போகிற அகலத்தில் தடம் அமைத்தார்கள். தடத்தை விட்டு ஒரு அடி விலகினால் சக்கரம் பாதிக்கு மேல் புதைந்துவிடும். மூன்று தடம், மூன்றுக்கும் பெயர்: ஓணான் மூன்று கிலோமீட்டர், கீரி ஆறு, உடும்பு ஒன்பது. கொழுத்த டயர் சைக்கிள்களை அங்கேயே வாடகைக்குத் தருவார்கள். மேனேஜர் பாலகணேஷ் எங்கள் ஊர்ப் பையன். ஞாயிற்றுக்கிழமை காலை பெண்கள் குழு ஒன்று ஆரம்பித்தபோது நானும் சேர்ந்தேன். தொப்பை குறையும் என்று சொன்னார்கள்.

ருஷ்தாவை அங்கே கூட்டிப்போனவள் நான். அதைப் பற்றி எனக்கு அப்போது ஏகப்பட்ட பெருமை. ஒரு ஜீவனை இருட்டுச் சந்திலிருந்து வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறோம் என்ற நினைப்பு. குழுவுக்கு விடுகிற வேனில் போகும்போதே தைரியம் சொல்லிக்கொண்டு வந்தேன். "பயப்படாதிய லாத்தா, நான் பின்னாலேயே வாரேன்" என்றேன். காயலில் அக்காவை லாத்தா என்பார்கள். அவள் ஜன்னல் வழியே பனைமரங்களைப் பார்த்துக்கொண்டு "சரி" என்றாள்.

ஓணான் தடத்தில் பனைகளுக்கு நடுவே தடம் நெளிந்து நெளிந்து போகும் இடம் ஒன்று உண்டு. நாங்கள் எல்லாரும் இறங்கித் தள்ளுகிற இடம். அவள் அதில் நடுவில் ஒரு தடவைகூட பிரேக் பிடிக்காமல் போனாள். அந்தக் கடைசியில் போய் நின்று திரும்பிப் பார்த்தாள். நாங்கள் ஏன் வரவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. பின்னாலேயே வருவதாகச் சொன்ன நான் அப்போது ஒரு பனையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்று மாதத்தில் அவள் உடும்பு தடத்தையும் முடித்துவிட்டாள். பாலகணேஷ் அவளிடம் வந்து, "அக்கா, பொம்பளையாளு குழுவுக்கு லீடர் வேணும். நீங்களே இருந்தா என்ன?" என்று கேட்டான். ஆனால் அவனாகக் கொடுத்துவிட முடியாது. தேர்வு உண்டு. ஐந்து பெண்களை உடும்பு தடத்தில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள், ஆள் விடாமல், அடி படாமல், தான் விதி மீறாமல் கூட்டிப்போய்க் கூட்டிவர வேண்டும். இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தவறினால் திருநெல்வேலியிலிருந்து வேறு ஆளைப் போடுவார்கள்.

அன்று வேனில் திரும்பும்போது ருஷ்தா தானாகப் பேசினாள். அது அபூர்வம்.

"வீடு உம்மா தந்தது. மாப்பிள்ளைய வாப்பா பாத்துக் கொண்டாந்தாரு. மவள அல்லா தந்தான். நானா வாங்கினதுன்னு ஒண்ணு இல்ல அனுசியா. இத நான் வாங்கணும். நீ சரியாச் செய்யுதேன்னு ஒருத்தரு என்னைப் பாத்து எழுதித் தரணும்."

அவர்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அவள் வீட்டுக்காரர் முஹ்யித்தீனும் அப்படி வந்தவர். வந்ததைவிட துபாயில் இருந்ததுதான் அதிகம். தேர்வு விஷயத்தை அவள் சொன்னபோது அவர் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். "ஹெல்மெட்டை நல்லா இறுக்கிப் போடு" என்பது மட்டும்தான் அதில் இருந்தது. எனக்கு ஏமாற்றம். வேண்டாம் என்பார், நான் சண்டைக்குப் போகலாம் என்று இருந்தேன்.

இனி நாற்பது மிதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடும்பு தடத்தின் நடுவில் வருகிற பெரிய மேட்டின் பெயர் அது. கீழிருந்து மேலே போய்ச் சேர நாற்பது தடவை மிதிக்க வேண்டும். யார் எண்ணினாலும் ஒன்று இரண்டு முன்பின் அவ்வளவுதான். உடும்பு தடத்தை எந்தப் பக்கமாகவும் ஓட்டலாம். இடப்புறமாகப் போனால் நாற்பது மிதி இறக்கம், வலப்புறமாகப் போனால் ஏற்றம். புத்தி உள்ளவர்கள் எல்லாரும் இடப்புறமாகத்தான் போவார்கள். தொடை வளர்க்கிறவர்கள் மட்டும் வலப்புறம்.

மேட்டின் உச்சியிலும் அடியிலும் பலகை வைத்திருக்கிறார்கள். ஏறுகிறவருக்கே வழி. இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளுகிறவர் எல்லாருக்கும் ஒதுங்க வேண்டும். இதில் நியாயம் இருக்கிறது. இறங்குகிறவன் நின்றுவிட்டு மறுபடி இறங்கலாம். ஏறுகிறவன் நடுவில் நின்றால் மணலில் மறுபடி கிளம்ப முடியாது, கீழே போய்த்தான் ஆரம்பிக்க வேண்டும்.

முதல் தேர்வு ஜனவரியில் நடந்தது. தேர்வு எடுக்க வந்தவள் ஆனி. தருவைகுளத்துக்காரி, முப்பது வயதுதான் இருக்கும், மாநிலப் போட்டிகளில் ஓட்டியவள். எங்களுக்குப் பின்னால் ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தாள். பேச்சே கிடையாது. நாங்கள் ஐந்து பேர்: நான், என்னோடு வேலை பார்க்கும் முத்துச்செல்வி, ருஷ்தாவின் சொந்தக்காரப் பெண்கள் மூன்று பேர். வழக்கம்போல இடப்புறமாகக் கிளம்பினோம். எல்லாம் ஒழுங்காகப் போனது. திருப்பத்துக்குத் திருப்பம் ருஷ்தா கையைத் தூக்கிக் காட்டினாள், மெதுவாக என்றாள், ஆளை எண்ணினாள். நாற்பது மிதியின் உச்சிக்கு வந்தோம். உச்சியிலிருந்து பத்தடியில் ஒரு வளைவு, அதற்குக் கீழே என்ன வருகிறது என்று தெரியாது. கீழே ஆண் குரல் கேட்டது.

பலகையை அவள் நூறு தடவை படித்திருக்கிறாள். மண்டையில் இருப்பது வேறு, வாயில் வருவது வேறு.

"நில்லுங்க! பொம்பளையாளு வாரோம்!"

சொன்னாள், பிரேக்கை விட்டாள், இறங்கினாள். லீடர் போனால் நாங்களும் போக வேண்டியதுதானே. வளைவைத் தாண்டிப் பார்த்தால் திருநெல்வேலி கிளப் ஆட்கள் நாலு பேர், முக்கால் மேட்டில், முகம் சிவந்து, மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் போட்ட சத்தத்தில் முதல் ஆள் அப்படியே நின்றான். நின்றவன் ஓரத்து மணலில் சாய்ந்தான். இரண்டாவது ஆள் அவன் மேல் சாய்ந்தான். மற்ற இரண்டு பேரும் தடத்தை விட்டு விலகி அச்சு வரைக்கும் மணலில் இறங்கினார்கள். அந்த நாலு பேருக்கும் ஊடாக நாங்கள் ஆறு பெண்களும் வரிசையாக இறங்கிப் போனோம். போகும்போது ருஷ்தா அவர்களைப் பார்த்து "நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒதுங்கி நின்ற ஆண்களுக்கு முடுக்கில் சொல்கிற மரியாதை அது.

கீழே ஆனி அட்டையை எடுத்தாள்.

"லீடர் விதியை மீறிட்டாங்க."

"நில்லுன்னு சொன்னேன்லா?" ருஷ்தாவுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "அவங்களும் நின்னாங்களே."

"நின்னாங்க. அதான்க்கா தப்பு. ஏறுறவங்க நிக்கக்கூடாது. நீங்க நிக்கணும்."

ருஷ்தாவின் முகத்தை அப்போது பார்த்தேன். அவமானம் இல்லை. திகைப்பு. பிறந்ததிலிருந்து அந்த ஒரு சொல்லுக்கு நிற்காத ஆணை அவள் பார்த்ததில்லை. நின்றார்களே, பிறகு எப்படி அது தப்பாகும்?

வேனில் நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. "இது முடுக்கு இல்ல லாத்தா. இங்கன எல்லாருக்கும் பொது. வெளிய வந்தா அப்படித்தான். இது சுதந்திரம்லா" என்று ஆரம்பித்தேன். சுதந்திரம் என்ற சொல்லை நான் வேனில் வைத்துச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "நீ பிறந்ததுலேருந்து தெருவுலதான் போறே வாரே. நீ நில்லுன்னு சொல்லி ஒருத்தனாவது நின்னிருக்கானா?"

நான் யோசித்துப் பார்த்தேன். ஆறுமுகநேரி பஸ் ஸ்டாண்டில் இருபது வருடமாக முழங்கையை முன்னால் நீட்டிக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன். எதிரே வருகிறவனுக்கு ஒதுங்கி ஒதுங்கி, சாக்கடை ஓரமாக நடப்பது என் காலுக்கே பழகிவிட்டது. ஒருத்தனும் நின்றதில்லை. கோபம் வந்தது. அவள் மேல்தான் வந்தது, ஏனென்றால் பக்கத்தில் அவள்தான் இருந்தாள்.

அதன் பிறகு பதினைந்து நாள் அவள் தேரிப் பக்கம் வரவில்லை. விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். பாலகணேஷ் திருநெல்வேலியில் ஒரு பெண்ணிடம் பேசிவைத்திருப்பதாக முத்துச்செல்வி சொன்னாள். நான் ஒரு நாள் ருஷ்தாவின் உம்மாவுக்கு ரத்தம் எடுக்கப் போனபோது, ருஷ்தா சாப்பாட்டு மேஜையில் தடத்தின் வரைபடத்தையும் விதித்தாளையும் விரித்துவைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போன். மறுமுனையில் ஆனி.

"எந்தப் பக்கமா ஓட்டணும்னு இதுல எழுதல்லியே. அப்பம் எந்தப் பக்கமா வேணும்னாலும் ஓட்டலாமா?"

ஆனி என்ன சொன்னாளோ, ருஷ்தா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நாம வலப்புறமாப் போறோம்."

"லாத்தா, அது ஏத்தம்."

"அதான். ஏறுறவங்களுக்குத்தானே வழி. நாம ஏறுவோம். அவங்க நிக்கட்டும்."

"இடப்புறமாவே போயி, ஆளு வந்தா ஒதுங்கி நின்னாப் போதும்லா? பாஸாயிரலாம். லேசு."

"லேசுதான்" என்றாள். "நில்லுன்னு சொல்லாம என் வாயி நிக்காது. அதுக்குப் பதிலா என் காலைப் பழக்கிருதேன்."

நாங்கள் எல்லாரும் சண்டை போட்டோம். அவள் சொந்தக்காரப் பெண்களே போட்டார்கள். எங்களில் ஒருத்திகூட நாற்பது மிதியை ஏறியதில்லை. அவளுக்குத் தேர்வில் தேற வேண்டும் என்ற ஆசை எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியும். அதைக் கொண்டுபோய் அந்த மேட்டில் வைக்கிறாளே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அவள் யார் பேச்சையும் கேட்கவில்லை.

ஏழு வாரம் பழகினோம். செவ்வாய், வியாழன், ஞாயிறு, விடிந்ததும். நான் ரத்தம் எடுக்கப் போகும் நேரத்தை ஒன்றரை மணி தள்ளிவைத்தேன், சர்க்கரைக்காரர்கள் பசியில் என்னைத் திட்டினார்கள். டயரில் காற்றைக் குறைப்பதை ருஷ்தா தானாகவே கண்டுபிடித்தாள். கட்டைவிரலால் அமுக்கினால் பழுத்த கொய்யா மாதிரி இருக்க வேண்டும் என்பாள். சீட்டின் நுனிக்கு வந்து உட்காரு, மூஞ்சியைக் கைப்பிடிக்குக் கொண்டுபோ, சக்கரத்தைப் பாக்காதே, உச்சியில நிக்கிற பனையைப் பாரு. ஐந்து வருடம் முடுக்கில் சுவரை உரசாமல் போகப் பழகியவளுக்குத் தடத்தை விட்டு விலகாதது பெரிய விஷயமில்லை. மூச்சுதான் விஷயம். முதல் வாரம் அவள் இருபத்திரண்டில் கால் ஊன்றினாள். நாலாவது வாரம் ஏறிவிட்டாள். ஆறாவது வாரம் மூன்று சொந்தக்காரிகளும் முத்துச்செல்வியும் ஏறிவிட்டார்கள். நான் முப்பத்தொன்று. என்ன செய்தாலும் முப்பத்தொன்று. முப்பத்தொன்றில் என் கால் என்னைக் கேட்காமலே தரைக்கு வந்துவிடும்.

"என்னை விட்டுருங்க லாத்தா, வேற ஆளைச் சேத்துக்கோங்க" என்றேன். நிஜமாகவே சொன்னேன்.

"பேரு கொடுத்தாச்சு. ஏறு" என்றாள்.

இரண்டாம் தேர்வு மார்ச் மாதம் ஒரு ஞாயிறு. வெயில் ஏழு மணிக்கே ஏறிவிட்டது. ஆனி அதே அட்டையோடு வந்தாள். வலப்புறமாகத் திரும்பியதும் அவள் புருவத்தைத் தூக்கினாள், தடுக்கவில்லை. நான் கடைசி ஆள், எனக்குப் பின்னால் ஆனி. நாற்பது மிதியின் அடிக்கு வந்ததும் ருஷ்தா ஒரு தடவை திரும்பி எங்களை எண்ணினாள். பிறகு மிதித்தாள்.

பாதியில் இருக்கும்போது உச்சியில் ஆண் குரல்கள் கேட்டன. முத்தையாபுரத்திலிருந்து சைக்கிளை வேனில் ஏற்றிவருகிற துறைமுகத்து கிரேன் ஆபரேட்டர்கள் நாலு பேர். ஞாயிறுதோறும் வருவார்கள். நல்ல மனிதர்கள்தான், ஆனால் இறக்கத்தில் பறப்பார்கள். ருஷ்தா மூச்சுவாங்க, ஆனால் அதே குரலில் கத்தினாள்:

"ஏறுதோம்! நில்லுங்க!"

"நில்லுலே, ஆளு ஏறுது!" என்று மேலே ஒருவன் மற்றவனிடம் சொன்னது கேட்டது. வளைவுக்கு இந்தப் பக்கம் நாலு பேரும் தடத்தை விட்டு இறங்கி, இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டாக, மணலில் கணுக்கால் புதைய நின்றார்கள். ருஷ்தா அவர்கள் நடுவே ஏறிப்போனாள். சொந்தக்காரிகள் மூன்று பேரும் போனார்கள். முத்துச்செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு போனாள்.

நான் எண்ணிக்கொண்டே ஏறினேன். முப்பத்தொன்றைத் தாண்டினேன். முப்பத்திரண்டையும் தாண்டினேன். தாண்டிவிட்டேனே என்று நினைத்த அந்த நொடியில் பின்சக்கரம் வழுக்கி, கால் தரையில் இருந்தது. கிரேன் ஆபரேட்டர்களுக்கு நாலடி கீழே.

முதலில் நின்றவர் என்னைப் பார்த்தார். விதி அவருக்கும் தெரியும். கால் ஊன்றியவள் ஒதுங்க வேண்டும். "அவங்க இறங்கிட்டாங்க, நாம போலாம்" என்று சைக்கிளைத் தடத்துக்கு எடுத்தார். நானும் ஒதுங்கத்தான் போனேன். எனக்கு அது பழக்கம்தானே.

"கடைசி ஆளு இன்னும் வரல்ல! நில்லுங்க!"

மேலே உச்சியில் ருஷ்தா சைக்கிளைத் திருப்பிக் குறுக்கே நிறுத்தியிருந்தாள். அந்த மனிதர் சைக்கிளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நாலு பேரும் மறுபடி மணலில் இறங்கி நின்றார்கள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, மூச்சு இரைக்க, தலையைக் குனிந்தபடி அவர்களுக்கு நடுவே நடந்து போனேன். அவ்வளவு நீளமான எட்டுத் தப்படியை நான் அதற்கு முன் நடந்ததில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, அதைச் சொல்லாவிட்டால் பொய். நாலு ஆண்கள் எனக்காக நிற்கிறார்கள், நான் அவசரப்படாமல் போகிறேன். நாற்பது வயதில் எனக்கு அது முதல் தடவை.

தடத்தைச் சுற்றி முடித்து வந்தபோது மணி பார்த்தோம், ஒன்றேகால் மணி நேரத்துக்கு நாலு நிமிடம் மிச்சம். ஆனி அட்டையில் நிறைய நேரம் எழுதினாள். ருஷ்தா வாசல் பலகையில் சாய்ந்து நின்று, தண்ணீர்கூடக் குடிக்காமல் அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனி முதலில் என்னிடம் வந்தாள். "நீங்க கால் ஊனினப்பம் ஒதுங்கியிருக்கணும். ஒதுங்கல. அது உங்க தப்பு." பிறகு ருஷ்தாவைப் பார்த்தாள். "கடைசி ஆள் வார வரைக்கும் தடத்தை விடல. அது லீடர் வேலை. ஏறும்போது வழி கேட்டது சரி. பாஸ்."

ருஷ்தா தாளை வாங்கி ஒரு தடவை வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். நானும் அழுதேன். தேறியது அவள், எனக்கு என்ன வந்தது என்று முத்துச்செல்வி கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கான பட்டியலை லீடர்தான் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் போட்டாள். ஒன்பது பெயர். காயலிலிருந்து புதிதாக நாலு பேர். என் பெயர் இல்லை. விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, மறுநாள் காலை ரத்தப் பெட்டியோடு அவள் வீட்டுக்குப் போனேன்.

"லாத்தா, என் பேரை மறந்துட்டியளா?"

"மறக்கல்ல. புது ஆளுக்கு ஓணான், பழைய ஆளுக்கு உடும்பு. நாப்பதும் மிதிச்சிட்டு வா, சேத்துக்கிடுதேன்."

"அன்னைக்கு நாலு பேரும் எனக்காக நின்னாங்கல்லா? அப்பறம் என்ன?"

அவள் சட்டைக் கையைச் சுருட்டி, ஊசிக்குக் கையை நீட்டி, வழக்கம்போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அவங்க ஒனக்காக நிக்கல்ல, அனுசியா. நான் சொன்னேன்னு நின்னாங்க. ஒனக்காக நிக்கணும்னா நீ ஏறணும்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இவளைக் கூட்டிப்போனதே நான். இரண்டு குப்பியிலும் ரத்தத்தை எடுத்து, பஞ்சை வைத்து அமுக்கிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்த ஒன்பது பேர் வேனில் ஏறிப் போன பிறகு பஸ் பிடித்துத் தேரிக்குப் போனேன். பாலகணேஷிடம் சைக்கிள் வாங்கி, டயரை அமுக்கிப் பார்த்துக் காற்றைக் குறைத்துக்கொண்டு, வலப்புறமாகத் திரும்பினேன்.